குரூவோக்கின் மகன் எங்கே? - மக்பெத் குடும்பம் பற்றிய ஒரு மீள்நோக்கு

'மக்பெத்' நாடகத்தில் சீமாட்டி மக்பெத்துக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வரலாற்றில் உண்டு: குரூவோக். ஸ்கொட்லாந்தின் பழைய அரச குலத்தில் பிறந்தவள். லொக் லெவன் துறவிகளுக்கு நிலம் வழங்கிய பதிவொன்று மக்பெத்தை அரசன் என்றும் அவளை அரசி என்றும் சேர்த்தே குறிப்பிடுகிறது. நம் மனதில் தங்கியிருப்பதோ இரத்தக்கறை கழுவும் இரு கைகள்தாம்.

டங்கன் உறக்கத்திற் கொல்லப்பட்ட முதியவனல்லன். 1040இல் மக்பெத்தின் பிரதேசமாகிய மொறேயில், எல்ஜினுக்கு அண்மையில் இளவயதிலேயே மாண்டவன். மக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். 1050இல் ரோம் சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரியிறைத்தான் என்கிறது அக்காலக் குறிப்பொன்று. நாட்டில் கால் ஊன்றாத கொடுங்கோலன் அவ்வளவு தூரம் போய்வரத் துணிவானா?

பழியை ஷேக்ஸ்பியர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. மக்பெத்தை வென்ற மல்கமின் சந்ததியே பின்னர் ஆண்டது. கதையும் அவர்களுக்கேற்ப வளர்ந்தது. பாங்கோ என்ற பாத்திரமே 1527இல் ஹெக்டர் போயிஸ் புனைந்தது. ஆயினும் ஷேக்ஸ்பியர் கையாண்ட ஹொலின்ஷெட்டின் நூல், மக்பெத் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்ததையும் கொலையில் பாங்கோவுக்குப் பங்கிருந்ததையும் சொல்கிறது. நாடகம் இரண்டையும் விட்டுவிட்டது. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் பாங்கோவின் வழித்தோன்றலாகக் கருதப்பட்டவன் அல்லவா! மனைவியின் தூண்டுதலால் விருந்தாளி அரசனைக் கொல்லும் கதையும் அதே நூலில் டொன்வால்ட் என்ற வேறொருவன் வீட்டில் நடந்தது. அந்த வீட்டுக்காரியின் பாவமும் குரூவோக்கின் கணக்கில் எழுதப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரிய இருட்டடிப்பு அவளது மகன் லூலாக். முதற் கணவனுக்குப் பிறந்தவன். 1057இல் மக்பெத் கொல்லப்பட்டதும் அரியணை ஏறியவன் அவனே. நாடகத்திலோ மக்பெத்தின் செங்கோல் வாரிசற்றது. லூலாக் மேடைக்கு வந்தால் சூனியக்காரிகளின் ஆரூடம் அவ்வளவாக எடுபடாது.

சீமாட்டி மக்பெத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கும் விமர்சனத்தை 1933இல் எல். சி. நைட்ஸ் எள்ளி நகையாடினார். பாத்திரத்தை உயிருள்ள ஆளாகக் கருதக்கூடாது என்ற அவரது வாதம் சரியானதே. ஆனால் குரூவோக் பாத்திரமல்லள். அவளைப் பற்றி அக்கேள்வியை எழுப்பியே ஆகவேண்டும்.

லூலாக் 1058இல் கொல்லப்பட்டான். பின்வந்த எழுத்தாளர்கள் அவனுக்கு 'மூடன்' என்று பட்டம் சூட்டினர். அவனது மகள் வயிற்றுப் பேரன் ஓங்கஸ், 1130இல் ஸ்ட்ராகத்ரோ போர்க்களத்தில், மல்கமின் மகன் டேவிட்டின் படையினரிடம் வீழ்ந்தான்.