சின்னத்திரையில் உண்ணும் பிள்ளைகள்

நகை எவற்றின் அடியாகப் பிறக்கும் என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்காக வகுத்துரைக்கிறது. அவற்றுள் முதலாவது எள்ளல், இரண்டாவது இளமை. இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்துத் தொலைக்காட்சி படைத்துக்கொண்ட பாத்திரம் ஒன்று உண்டு. பருத்த உடலும் ஓயாத வாயும் உடைய சிறுவனே அப்பாத்திரம். அவன் உண்பதையும் பின்னாளில் அவன் உடல் என்னவாகும் என்பதையும் சின்னத்திரை எவ்வாறு இணைத்துக் காட்டுகிறது? நாடு முழுதும் அறிந்த இரண்டு படைப்புகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 2008-ஆம் ஆண்டில் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்ட 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்னும் இந்தித் தொடர். குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தாவின் பத்திரிகைப் பத்தியைத் தழுவியது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களுக்கும் இது புதிதன்று. இதில் வரும் பருத்த சிறுவனின் பெயர் கோலி; உருண்டை என்பது பொருள். தந்தை டாக்டர் ஹாத்தி. ஹாத்தி என்றால் யானை. தாயும் பருத்தவர். உணவின்பால் மூவருக்கும் தீராத காதல். சிறுவனின் வருங்காலத்தைச் சொல்லக் கதை எதுவும் தேவைப்படவில்லை. அவனருகே தந்தையை நிறுத்தினாலே போதும் என்று தொடர் கருதுகிறது. இன்றைய கோலி நாளைய ஹாத்தி. இதில் ஐயத்துக்கு இடமில்லை, மாற்றத்துக்கும் இடமில்லை.

கோலியை அவன் தோழர்கள் ஒதுக்குவதில்லை. தம்முள் ஒருவனாகவே கொள்கின்றனர். இப்பெருந்தன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் குஷ் ஷா என்னும் நடிகர் 2008 முதல் 2024 வரை இப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். சிறுவனாக நுழைந்தவர் இளைஞராகி வெளியேறினார். நடிகர் வளர்ந்த அளவுக்கு அவர் உணவைச் சுற்றிய நகைச்சுவை வளரவில்லை என்பதே நம் குறை.

இரண்டாவது, ஹைதராபாத்தில் உருவாகி 2008-இல் ஒளிபரப்பான 'சோட்டா பீம்' என்னும் சித்திரத் தொடர். சிறுவன் பீமனுக்கு லட்டு என்றால் உயிர். அதை உண்டவுடன் தோளில் வலிமை ஏறும். எத்தனை லட்டு உண்டாலும் அவன் உடல் மட்டும் மாறுவதில்லை. அவனுக்கு எதிராக நிறுத்தப்படும் காலியாவும் உணவுப்பிரியனே. ஆனால் காலியா பருத்தவன், பேராசைக்காரன், தோற்பவன். நல்லவன் உண்டது தோளுக்குச் செல்கிறது. பொல்லாதவன் உண்டது வயிற்றுக்குச் செல்கிறது! உடற்பருமன் குணக்கேட்டின் முத்திரை என்னும் பாடத்தை, யாரும் சொல்லாமலே குழந்தை கற்றுக்கொள்கிறது. இத்தகைய பெயர்கள் பள்ளியில் பட்டப்பெயர்களாக மாற நெடுநாள் ஆவதில்லை.

மூலகாவியம் இவ்வாறு செய்யவில்லை என்பது கருதத்தக்கது. ஏகசக்கர நகரில் பாண்டவர் ஐயமேற்று உண்ட காலத்தில், கிடைத்த உணவில் ஒரு பாதி பீமனுக்கும், மறுபாதி குந்திக்கும் மற்ற நால்வருக்கும் சென்றது. பீமனின் பசிக்கு அங்கே கணக்கு உண்டு. அதைச் சுமந்தவர்களும் உண்டு. சித்திரத் தொடரில் கணக்கும் இல்லை, சுமப்பவரும் இல்லை.

இனி உண்மை நிலையைக் காண்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் மிகை எடை உடையோர் நூற்றுக்கு 3.4, வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் 35.5. தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த 1,492 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான முடிவு இன்னும் ஆழமானது. இளம் வயதிலேயே நீரிழிவோ அதன் முன்னிலையோ கண்டவர்கள், பொதுவாக இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பின்னர் விரைந்து எடை கூடியவர்கள். பன்னிரண்டாம் வயதில் அவர்களுள் ஒருவர்கூட உடற்பருமன் என்னும் வரையறைக்குள் வரவில்லை!

ஆக, நோயை நோக்கி நடந்த அப்பிள்ளைகள் கோலியைப் போல் இருக்கவில்லை. சின்னத்திரையில் அவர்களுக்கு இடமே இல்லை. உருண்ட பிள்ளையைக் கண்டு நகைக்கும் தாய், தன் மடியில் இருக்கும் மெலிந்த பிள்ளைக்கு ஓர் இடரும் இல்லையென எண்ணி, எடை ஏறினால் போதுமென்று இனிப்பை ஊட்டக்கூடும். எள்ளலால் புண்படுவது ஒரு குழந்தை; அவ்வெள்ளல் தரும் தவறான நம்பிக்கையால் கெடுவது மற்றொரு குழந்தை.

சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்கள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிடையே வரலாகாது என 2022-இல் மைய அரசு நெறிமுறை வகுத்தது. விளம்பரத்துக்கு விதி வகுக்கலாம். கதைக்கு விதி வகுத்தல் தகாது. அதனைச் செய்ய வேண்டியது திறனாய்வு.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பசியையும் செரிமானத்தையும் அளவையும் பேசுகிறது. உண்பவனின் உருவத்தை எள்ளவில்லை. உணவைக் கதைப்பொருளாக்கும் எழுத்தாளர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பசித்ததா, தனிமையில் உண்டதா, அக்கொள்கலத்தை நிரப்பி வைத்தவர் யார் என்னும் வினாக்களை ஒரு காட்சியிலேனும் எழுப்புவார்களாயின், நகைச்சுவை குன்றாது. கோலியும் காலியாவும் நம் பிள்ளைகளாகத் தோன்றுவர்.