நடைவழி வகுப்பும் தவறிய ஒரு மணிநேரமும்

சித்திரைத் திங்களில் ஒரு மாலை, திருப்பாச்சூரில் வாழும் நண்பர் ஒருவர் கையில் நூலொன்றுடன் என் இல்லம் வந்தார். காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் பணிபுரிபவர். அவர் மகனுக்கு வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தான். "அண்ணே, இவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு நானே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். காலையில் பாடம், பிற்பகலில் பட்டறை. வரவு செலவுக் கணக்கை அவன் அம்மா கற்றுக்கொடுப்பாள். தேர்வைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொள்ளட்டும். காந்தியடிகளே தம் பிள்ளைகளை இப்படித்தானே வளர்த்தார்?" என்றார். அவர் கையிலிருந்த நூல் 'சத்திய சோதனை'.

சான்றாகக் காட்டப்படும் நூலை நாம் பெரும்பாலும் முழுமையாகப் படிப்பதில்லை. நமக்கு உவப்பான பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வாதாடுகிறோம். எனவே, பிள்ளைகளின் கல்வி பற்றி அந்நூல் பேசும் இயல்களை மீண்டும் ஒருமுறை வரிசையாகப் படித்தேன். நண்பரின் சான்று அவருக்குச் சார்பாக மட்டும் பேசவில்லை என்பதைக் கண்டேன்.

1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்த அந்நூல், ரா. வேங்கடராஜுலுவின் மொழிபெயர்ப்பில் தமிழர்க்கு நெடுநாளாக அறிமுகமானது. 1897-இல் டர்பனில் இறங்கியபோது காந்தியடிகளுடன் ஒன்பது வயது ஹரிலால், ஐந்து வயது மணிலால், பத்து வயதுத் தமக்கை மகன் ஆகிய மூவரும் இருந்தனர். ஐரோப்பியர் பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாக இடம் பெற அவர் விரும்பவில்லை. மிஷன் பள்ளிகள் இருந்தன. அங்குத் தரப்பட்ட கல்வியும் அதன் பயிற்றுமொழியும் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. மாதம் ஏழு பவுன் ஊதியத்தில் ஆங்கிலேய ஆசிரியை ஒருவரை அமர்த்தினார். அதிலும் நிறைவு காணவில்லை. தாய்மொழியிலேயே பிள்ளைகளுடன் பேசினார். பெற்றோரின் அருகாமையில் அவர்கள் பெறும் எளிமையும் தொண்டுணர்வும் எந்தப் பள்ளியிலும் கிட்டா என்பது அவருடைய உறுதி. இதுவரை நண்பரின் கூற்று சரியே.

பின்னர் ஜோகானஸ்பர்க் வாழ்க்கை வருகிறது. வீட்டிலிருந்து அலுவலகத்திற்குப் போக வர ஏறத்தாழ ஐந்து மைல். அந்த நடையில் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, பேச்சின் வழியே அவர்களுக்குக் கற்பித்ததாகக் காந்தியடிகள் எழுதுகிறார். தந்தையும் மக்களும் சேர்ந்து நடக்கும் அந்தக் காட்சி நம் உள்ளத்தைக் கவர்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் அவர் ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறார்: வேறு எவரும் தம் கவனத்தைக் கோராத வேளைகளில்தான் அந்த வகுப்பு நடந்ததாம். வழக்கறிஞர், இதழாளர், ஓர் இயக்கத்தின் தலைவர் என்று வாழ்ந்த ஒருவரின் கவனத்தைக் கோராதவர் எத்தனை பேர்? நான் இரண்டு முறை படித்தும் கவனியாமல் கடந்து சென்ற அந்தச் சிறு தொடரில்தான் அவ்வியலின் உயிர் இருக்கிறது.

நாள்தோறும் தவறாமல் ஒரு மணிநேரமேனும் ஒதுக்கியிருந்தால் பிள்ளைகளுக்குச் சிறந்த கல்வியைத் தந்திருப்பேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மக்கள் அனைவர்க்கும் இதில் தம்மீது குறை உண்டு என்பதையும், பட்டம் பெற்ற ஒருவரைக் காணும்போது தாம் பள்ளி செல்லாத குறையை அவர்கள் உணர்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். ஆயினும் ஒவ்வொரு ஒப்புதலையும் அடுத்து ஒரு தற்காப்பு வருகிறது. தவறு நேர்ந்தது, ஆனால் வழி சரியே. இழப்பு உண்டு, ஆனால் பேறு பெரிது. ஒளிவுமறைவற்ற எழுத்து இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் மகனின் குறையைத் தந்தையின் வாய்வழியேதான் கேட்கிறோம்.

மகனின் குரல் வேறிடத்தில் பதிவாகியுள்ளது. சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை சென்ற ஹரிலால், மணமாகி மனைவி மக்களுடன் இருந்த நிலையில், 1911-இல் வீட்டைவிட்டு வெளியேறி இந்தியா திரும்பினார். அகமதாபாத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். 1915-இல் தந்தைக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி அச்சிட்டார். தமக்குக் கல்வி மறுக்கப்பட்டது என்பது அதன் முதன்மையான முறையீடு. 'சத்திய சோதனை' தொடராக வெளிவரத் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து. பிள்ளைகளின் கல்வி பற்றிய அவ்வியல்கள் நாட்டு மக்களுக்கு எழுதப்பட்டவைபோல் தோன்றினாலும், ஒரே ஒரு வாசகனை நோக்கியும் பேசுகின்றன என்று படிக்க இடமுண்டு. அந்த வாசகன் இறுதிவரை மனம் ஆறவில்லை. தந்தை மறைந்த அதே 1948-இல் அவரும் மறைந்தார்.

ஹரிலாலின் துயரத்தை மட்டும் வைத்து வீட்டுக் கல்வி தோற்றது என்று தீர்ப்பளிப்பதும் நேர்மையாகாது. அதே வீட்டில் வளர்ந்த மணிலால், 1920 முதல் 1956-இல் இறக்கும்வரை தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழை நடத்தினார். தேவதாஸ் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளேட்டின் ஆசிரியரானார். ஆகவே, வீடா பள்ளியா என்ற கேள்வியைவிட, கற்பிப்பவர் தம்மை எந்த அளவுக்கு நேரத்திற்குக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்ற கேள்வியே இங்கு முதன்மை பெறுகிறது.

இதற்கு அந்நூலே விடை தருகிறது. 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், பெரும்பாலும் பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு அவர் ஆசிரியரானார். அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் தோட்டமும் சமையலும் கைத்தொழிலும். நண்பகல் உணவுக்குப் பின் எழுத்துக் கல்வி, மிகுதியாய்ப் போனால் மூன்று பாடவேளை. உழைத்த களைப்பில் உறக்கத்தை அடக்கிக்கொண்டு வகுப்பெடுத்ததாக அவர் எழுதும்போது, வராமல் போனதாக எழுதவில்லை என்பதையும் நாம் நோக்க வேண்டும். ஆசிரியர் தாம் செய்யாத எதையும் மாணவரைச் செய்யச் சொல்வதில்லை என்பது அங்கு விதி. நண்பர் காலன்பாக் திராப்பிஸ்ட் துறவியரின் மடத்திற்குச் சென்று காலணி தைக்கக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகளும், அவர்கள் வழியாகச் சிறுவர்களும் கற்றனர். உழைப்பையும் செபத்தையும் மணியடித்து நடத்தும் ஒரு துறவு மடத்தின் கைத்தொழில் அப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அங்கே தமிழும் கற்பிக்கப்பட்டது. ஜி. யு. போப்பின் தமிழ்க் கையேட்டிற்கு அப்பால் தமக்குத் தமிழ் தெரியாது என்று மாணவரிடம் மறைக்காமல் இருந்ததாகக் காந்தியடிகள் கூறுகிறார். ஆங்கிலம் அறியாத தமிழர் வந்தால் அந்தச் சிறுவர்களே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையை ஒப்புக்கொண்டதால் அவர்களுடைய அன்பை அவர் இழக்கவில்லை. பிறர் மக்களிடம் இவ்வளவு இயல்பாக வெளிப்பட்ட இந்தத் தாழ்மை, தம் மூத்த மகனிடம் ஏன் உறுதியாக இறுகிப்போயிற்று? நூல் விடை சொல்லாமல் விட்டுவிடும் இடம் இது. பெற்ற பிள்ளை நம் கொள்கைக்குச் சான்றாக வேண்டும் என்ற ஆசை நமக்கு அந்நியமானதன்று.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் அறிவித்தது. அதே அறிக்கை, குடும்பம் இக்கடமையை நிறைவேற்றச் சமுதாயம் முழுவதன் துணையும் வேண்டும் என்றும் சொல்கிறது. முதற்பகுதியை நாம் உரிமையாகப் படிக்கிறோம். இரண்டாம் பகுதியைப் படிக்க மறந்துவிடுகிறோம்.

மறு வாரம் நண்பரிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, "பட்டறையில் ஓவர்டைம் என்று அழைத்தால் பாடம் என்னவாகும்?" என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. வாசற்படியில் அமர்ந்திருந்த மகனை நோக்கி, "தம்பி, உனக்கு என்ன விருப்பம்?" என்றேன். அவன் தந்தையைப் பார்த்தான், பிறகு, "பட்டறை வேலை பிடிக்கும் மாமா. ஆனால் இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை" என்றான்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய மடலை நண்பர் இன்னும் பள்ளியில் கொடுக்கவில்லை. கொடுப்பதும் விடுப்பதும் அந்த இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. இப்போதைக்கு நாள்தோறும் இரவு எட்டு மணிமுதல் ஒன்பது மணிவரை தந்தையும் மகனும் கணக்குப் பாடத்தில் அமர்கிறார்கள் என்று கேள்வியுற்றேன். அந்த ஒரு மணிநேரம் ஓராண்டு தவறாமல் நிலைத்தால், வீட்டில் கற்பிக்கும் தகுதி தமக்கு உண்டா என்பதை நண்பரே அறிந்துகொள்வார். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாமும் அதே ஒரு மணிநேரத்திற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.