பாலில்லாப் பழ ஐஸ்: காஞ்சிக் கோடைக்கு எது தேறும்?

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு எழுந்தருளும் நாட்களில் காஞ்சிபுரத்தில் வெயிலும் உச்சம், மாம்பழ வரத்தும் உச்சம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உள்ள வீட்டில் அப்போதுதான் ஐஸ்கிரீம் கேட்டு அழுகை எழும். பழத்தை உறைய வைத்து மிக்சியில் அடித்தால் போதும், பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்கிறார்கள். இதில் எவ்வளவு தேறும்?

கடைச் சரக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். உறையில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால் பால் இல்லாதது என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டு விதிப்படி அந்தப் பெயர் குறிப்பது பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்திருப்பதைத்தான். பால் பவுடர் பெரும்பாலும் உள்ளே இருக்கும். லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிறு உப்புவதோடு போகும். பால் புரத அலர்ஜி உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரை போகலாம். வீட்டிலேயே செய்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எல்லாரும் சொல்லும் வழி, வாழைப்பழத்தை உறைய வைத்து அரைப்பது. வாழையின் பெக்டினும் மாவுச்சத்தும் ஐஸ் நறநறப்பைக் குறைத்துக் குழைவு தருவது உண்மை. ஆனால் அந்தச் செய்முறைகள் கேவண்டிஷ் பழத்தை வைத்து எழுதப்பட்டவை. நம் கடையில் அதற்கு நெருக்கமானது பச்சை வாழைப்பழம். ரஸ்தாளியின் நடுவே சில நேரம் கல்லாய் ஒரு கட்டி இருக்கும், எந்த பிளேடுக்கும் அது மசியாது. பூவனில் வேறு சிக்கல்: குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும், அதன் புளிப்பு முன்னால் வந்து நிற்கும். இதையெல்லாம் சமாளித்தாலும், எந்தப் பழத்தோடு கலந்தாலும் கடைசியில் வாயில் நிற்பது வாழை வாசனைதான். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு சுவை தரும் என்று நம்புகிற ஊரில், மாம்பழத்தை வாழைக்குள் புதைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது மாம்பழமும் தேங்காய்ப்பாலும். நாரில்லாத பங்கனப்பள்ளி இதற்கு நன்றாகப் பொருந்தும். நன்கு கனிந்த சதை 400 கிராமுக்குக் கெட்டியான முதல் பால் 60 மில்லி. முதல் பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு, அதுவும் பெரும்பகுதி நிறைவுற்றது. ஆகவே தாராளமாக ஊற்றுவதற்கில்லை. இந்த அளவில் மொத்தக் கலவையில் கொழுப்பு 3 சதவீதத்தைத் தாண்டாது. விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும்.

கைவேலையில்தான் பலர் தோற்கிறார்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலறை பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியை எட்டாது. மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள் பெரிதாகும். டப்பாவில் அடைக்காமல் எவர்சில்வர் தட்டில் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினால் சீக்கிரம் இறுகும். எடுத்ததும் அப்படியே மிக்சியில் கொட்டினால் அது கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றுவிடும். அடியில் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளியிருக்கும், மோட்டார் வாடை அடிக்கும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, பாதிப் பாதியாகப் போட்டு, குமிழை விட்டு விட்டுத் திருப்ப வேண்டும். அரைத்ததும் பரிமாற வேண்டும். மறுபடி உறைய வைத்தால் பாறைதான்.

ஆரோக்கியம் என்ற பேச்சு நிற்பதும் விழுவதும் சர்க்கரையில். குளிரில் இனிப்பு மங்குவதால் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும். 400 கிராம் மாம்பழத்திலேயே ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாலு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினான்கு கிராம் அளவில் வரும். அதற்கு மேல் கருப்பட்டியோ தேனோ சேர்த்துவிட்டு ‘இயற்கையானது’ என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தேனையும் சேர்த்த சர்க்கரையோடுதான் எண்ணுகிறது. இனிப்புக்குப் பதில் காஞ்சிபுரம் இட்லிக்குப் போடும் சுக்குப் பொடியில் ஒரு சிட்டிகை போடலாம். குளிரிலும் மணம் எழும்புகிறது.

ஆக, வாழை அடிப்படை எனக்குத் தேறவில்லை. மாம்பழமும் அளவான தேங்காய்ப்பாலும் தேறுகின்றன, சர்க்கரை ஒரு துளியும் சேராத வரையில். சர்க்கரை நோயாளிக்கு இது விருந்துப் பண்டம். அரைக் கிண்ணம், அதுவும் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டு. பாலை விட்ட பிள்ளையின் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் இந்தக் கிண்ணத்தை நம்ப முடியாது. அதற்குக் காலையில் கேழ்வரகுக் கூழும் மதியம் பருப்பும் கீரையும் தனியாக வேண்டும்.