வினாக்கொத்தும் உணவுத் தட்டும்: ஒரு மதிப்பீடு

பெண்கள் நாளாந்தம் உட்கொள்ளும் கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றின் அளவை அறிய ஆய்வாளர் பெரிதும் நம்பியிருப்பது வினாக்கொத்தையே. இதற்குக் காரணம் உண்டு. உணவிற் கல்சியம் குறையுமிடத்து உடல் என்பிலிருந்து அதனைப் பெற்றுக் குருதியின் அளவைச் சமப்படுத்திவிடும். எனவே, குருதிப் பரிசோதனை உண்ட கல்சியத்தைக் காட்டாது, உண்டவளையே கேட்கவேண்டியுள்ளது. ஆயின், சொல்லப்படுவது உண்ணப்பட்டதுதானா? இதனை அறியவே வினாக்கொத்தைச் சோதிக்கும் ஆய்வுகள் எழுந்தன. அச்சோதனைகள் எத்துணை உறுதியானவை என்பது ஆராயப்படவேண்டியதாகும்.

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுவது வோல்ற்றர் வில்லெற் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வாகும். பொஸ்ரன் பகுதியைச் சேர்ந்த 173 பெண் தாதியர் 61 உணவுகள் அடங்கிய வினாக்கொத்தை நிரப்பியதோடு, ஒவ்வொன்றும் ஒரு வாரம் கொண்ட நான்கு தவணைகளில் தாம் உண்டவற்றைக் குறிப்பேட்டிற் பதிந்தனர். பல்வேறு போசணைப் பொருள்களுக்கும் இவ்விரண்டிற்குமிடையே கண்ட இணைபுக் குணகம் 0.36 முதல் 0.75 வரை அமைந்தது. குறிப்பேட்டின்படி மிகக் குறைவாக உட்கொண்ட ஐந்திலொரு பங்கினருள் 48 வீதத்தினரையே வினாக்கொத்தும் அதே பிரிவில் வைத்தது. கீழிரு பிரிவுகளையும் சேர்த்து நோக்கின் 74 வீதம். பல்லாயிரம் பெண்களை வரிசைப்படுத்தி நோயோடு தொடர்புபடுத்த இது பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கூட்டத்தை வரிசைப்படுத்தல் வேறு. ஒருத்தியின் குறையை அளத்தல் வேறு. முன்னதற்குக் கிடைத்த சான்றைப் பின்னதற்கும் உரியதாகக் கொள்வதே பிற்காலத்தார் பலரின் தவறு.

இணைபு உடன்பாடாகாது என்பதை பிளான்ட், அல்ற்மன் ஆகியோர் 1986இல் 'லான்செற்' இதழில் தெளிவுறுத்தினர். ஓர் உதாரணம் நோக்குவோம். 400 மில்லிகிராம் உண்டவள் 800 என்றும், 600 உண்டவள் 1200 என்றும், இவ்வாறே ஒவ்வொருத்தியும் இருமடங்காகக் கூறின் இணைபுக் குணகம் 1 ஆகும். சோதனையும் முழு வெற்றியாகும். ஆயின், 19 முதல் 50 வயது வரையான பெண்களுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 2011இல் விதந்துரைக்கப்பட்ட 1000 மில்லிகிராமோடு ஒப்பிடுகையில், 600 உண்டவளும் நிறைவுபெற்றவளாகிவிடுவாள். அவளது குறை ஏட்டில் மறையும்; என்பில் மறையாது.

குறிப்பேட்டை நடுவராகக் கொள்வதும் ஐயத்துக்குரியதே. இரண்டையும் எழுதுபவள் ஒருத்தியே. நல்லுணவெனப் பெயர்பெற்ற பாலை மிகைப்படுத்தும் இயல்பு ஒன்றில் இருப்பின் மற்றதிலும் இருக்கக்கூடும். இருவர் ஒரே பொய்யைச் சொல்லின் அது மெய்யாகிவிடாது. விற்றமின் டியில் இடர் மேலும் பெரிது. கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சட்கரு, செறிவூட்டிய பால் போன்ற சிலவற்றிலேயே அது குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. குருதியை நடுவராக்கினாலோ, தோலில் வெயில் உண்டாக்கியதையும் உணவு தந்ததையும் அது பிரித்துரைக்காது.

உணவுப் பட்டியல் ஒரு சமூகத்தின் சமையலறையைப் பிரதிபலிப்பது. அமெரிக்கத் தாதியருக்கென ஆக்கப்பட்டதை மொழிபெயர்த்து எமது பெண்களிடம் நீட்டினால், முள்ளோடு உண்ணும் நெத்தலியும் குரக்கனும் முருங்கையிலையும் எங்கே இடம்பெறும்? தேநீரிற் கலந்த பால்மா எத்தனை குவளைப் பாலாகும்? எல்லோருக்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சியதை உண்பவளிடம் 'ஒரு பரிமாறல்' எவ்வளவு என வினவுதல் எவ்வாறு பொருந்தும்?

வினாக்கொத்தைக் கைவிடுக என்பது எமது வாதமன்று; பெருந்தொகையினரை அறிய அதனினும் எளிய வழி இல்லை. இணைபோடு உடன்பாட்டின் எல்லைகளையும் ஆய்வாளர் வெளியிடல் வேண்டும். பட்டியல் உண்பவரின் அடுப்படியிலிருந்து தொகுக்கப்படல் வேண்டும். இவை செய்யப்படாதவிடத்து, அளவுகோலின் பிழை பெண்ணின் நலமாகப் பதிவாகும். நலமெனப் பதிவானதற்கு எவரும் மருந்து தேடுவதில்லை.