குரலும் கிற்றாரும்: ஓர் இசைத்தட்டுப் பற்றிய இருவேறு தீர்ப்புகள்

மலையகத் தோட்டங்களில் தப்பு இருவேறு பணிகளைச் செய்து வந்தது. விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் அதுவே. காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் அவர்தம் நெஞ்சைப் பேசியதும் அதுவே. இராகலை, உடப்புசல்லாவை முதலாய வலப்பனைப் பகுதித் தோட்டங்களில் இதனைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களிடையே கறுப்பின மக்கள் படைத்த புளூஸ் இசை அந்நியமானதன்று. ஆங்கும் உழைப்பின் களைப்பே பாட்டாயிற்று.

புளூஸ் பாடலில் முதலடி பெரும்பாலும் இருமுறை பாடப்படும். மூன்றாமடி அதற்கு விடையாக அமையும். அடியின் முடிவில் குரல் ஓய, கிற்றார் மறுமொழி கூறும். ஒப்பாரியில் ஒருத்தி தொடங்க ஏனையோர் ஏற்றுப் பாடும் முறைமையை இது நினைவூட்டுகின்றது.

இவ்விசையை மின்கிற்றாரின் பேரொலியோடு இணைத்த ஆங்கிலேயக் குழுக்களுள் லெட் செப்பெலின் குறிப்பிடத்தக்கது. 1969 சனவரியில் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டுப் பற்றிக் கேட்போர் இரு சாராராகப் பிரிந்தனர். ஜிம்மி பேஜின் கிற்றார் வன்மையை வியந்தோர் ஒரு சாரார்; அது பிறர் சொத்தை ஆரவாரத்தோடு எடுத்தாண்டதே என்றோர் மறு சாரார். அவ்வாண்டிலேயே இதனைக் கண்டித்து எழுதிய ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை, 2003 இல் தலைசிறந்த 500 இசைத்தட்டுகளுள் இதற்கு 29 ஆம் இடம் வழங்கியமை, தீர்ப்புகள் எவ்வளவு நிலையற்றவை என்பதைக் காட்டும்.

இரு சாராரும் பாதியையே கேட்டனர் எனலாம். வில்லி டிக்சன் யாத்தளித்த ‘யூ ஷூக் மீ’ பாடலின் இறுதியில் குரலும் கிற்றாரும் ஒன்றையொன்று வினவி விடையிறுக்கின்றன. ஆங்கே மரபின் உயிர் நிற்கின்றது. எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘ஹவ் மெனி மோர் டைம்ஸ்’ பாடலிலோ கிற்றார் குரலுக்குச் செவிசாய்ப்பதை விடுத்துத் தன் ஆற்றலையே பறைசாற்றுகின்றது. வன்மை உண்டு, உறவு இல்லை. எனவே இசைத்தட்டு முழுமைக்கும் ஒரே தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

எனினும் பெயர் பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. முற்கூறிய பாடலில் டிக்சனின் பெயர் பொறிக்கப்பட்டது. பிற்கூறியதில் ஹவுலின் வுல்ஃப் 1951 இல் பதிவுசெய்த பாடலின் சாயல் வெளிப்படையாகத் தெரிந்தும் அவர் பெயர் இடம்பெறவில்லை. குழுவின் இரண்டாவது இசைத்தட்டிலுள்ள பாடலொன்றுக்காக 1985 இல் டிக்சன் வழக்குத் தொடுக்க நேர்ந்தது; அது இணக்கத்தில் முடிந்தது. எழுதியவர் இன்னார் என்ற பதிவு இருந்தமையாலேயே அவர் உரிமை கோர முடிந்தது.

மலையகப் பாடல்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் அவற்றைத் திரட்டியிராவிடின் பல பாடல்கள் அழிந்தே போயிருக்கும். ஆயின் அவற்றை முதலிற் கட்டிய பெண்களின் பெயரை எவர் அறிவார்? நாளை அப்பாடல்களும் கிற்றாரோடு மேடையேறலாம், அதில் இழுக்கில்லை. பாடலைப் பதிவுசெய்வோர், பாடியவர் பெயரையும் அவர்தம் தோட்டத்தையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும். கிற்றார் எத்துணை உரக்க ஒலிப்பினும், அது எவருடைய குரலுக்கு மறுமொழி கூறுகின்றது என்பது மறைந்துவிடலாகாது.