இணையவழிப் பாடங்களும் பதிப்புரிமையும்: கற்பித்தல் விலக்கின் போதாமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் 52ஆம் பிரிவின்படி, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமைமீறல் ஆகாது. வகுப்பறையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த விலக்கு, இணையவழிப் பாடங்களுக்குப் போதுமானதாக இல்லை.

இவ்விலக்கின் எல்லையை விளக்கியது தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்காகும். பாடநூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதற்காக, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடர்ந்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை பக்கங்கள் என்பதை அல்ல, கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தேவையை ஆராய வழக்கு மீண்டும் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. ஆனால் 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நோக்கத்தை அளவுகோலாக்கியது இத்தீர்ப்பின் சிறப்பு. எனினும் அது தாளில் எடுத்த நகலைப் பற்றியது. சட்டம் படியெடுக்கும் உரிமையையும் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமையையும் தனித்தனியாகக் கூறுகிறது. கற்பித்தல் விலக்கோ படியெடுத்தலை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆகவே, நூலிலுள்ள ஒரு வரைபடத்தை நகலெடுத்து வகுப்பில் தரும் ஆசிரியருக்குப் பாதுகாப்பு உண்டு. அதே படத்தை எவரும் காணக்கூடிய காணொளியில் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு ஐயத்திற்குரியதாகிறது. திறந்த இணையவழிப் படிப்பில் பதிவு செய்தவர் சட்டம் கூறும் ‘மாணவர்’ ஆவாரா என்பதும் தெளிவாக இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, கல்வி நிறுவனத்தின் மாணவரும் ஆசிரியரும் மட்டுமே நுழையக்கூடிய பாதுகாப்பான இணையத்தளத்தில் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடமளிக்கிறது. திறந்த பாடங்களுக்கு அதுவும் உதவாது என்றாலும், எல்லை எது என்பதையாவது அது சொல்லிவிடுகிறது.

பதிப்பாளர்களின் அச்சத்தையும் புறக்கணிக்க முடியாது. வகுப்பில் தரும் நகல் சிலரையே அடையும். இணையத்தில் இட்ட கோப்பு நூலின் விற்பனையையே பாதிக்கக்கூடும். ஆனால் இன்றைய தெளிவின்மை நூலாசிரியரையும் காப்பதில்லை. பணமுள்ள நிறுவனம் அனுமதியை வாங்கிவிடும்; சிறிய கல்லூரியின் ஆசிரியர் தேவையான படத்தை விட்டுவிடுவார் அல்லது அஞ்சியபடியே பயன்படுத்துவார். பதிவு செய்த மாணவர்களுக்கு, தேவையான அளவில், மூலத்தைக் குறிப்பிட்டுப் பகிரலாம் என்று சட்டத்தைத் திருத்துவது இரு தரப்புக்கும் நியாயமாகும்.

அதுவரை பாடம் உருவாக்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘கல்விக்காக மட்டும்’ என்று எழுதுவதோ மூலத்திற்கு நன்றி கூறுவதோ அனுமதிக்கு ஈடாகாது. பதிப்புரிமை வெளிப்பாட்டையே காக்கிறது, கருத்தை அன்று. எனவே தகவலைக் கொண்டு புதிய படம் வரையலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களையும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் புதிய பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் தனி உரிமை உண்டு.