இயற்கை எரிவாயுத் துறைக் கலைச்சொற்கள்: அடைமொழிகளின் பொருள்மயக்கம்

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே கருத்திற் கொள்கின்றன. மீத்தேன், கிளைக்கால், அமைன் முதலியவை ஒலிபெயர்ப்பாகவே வந்து நிலைத்துவிடுவதால் அவற்றால் மொழிபெயர்ப்பாளர்க்குத் தொல்லை குறைவு. தொல்லை தருவன அடைமொழிகளே. எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆங்கில வழக்கில் வாயு புளிக்கிறது, இனிக்கிறது, நனைகிறது, உலர்கிறது, மெலிகிறது. இவற்றுள் எதுவும் அன்றாடப் பொருளில் வழங்குவதன்று.

'சவர் கேஸ்' என்பது ஹைட்ரஜன் சல்பைடு குறிப்பிடத்தக்க அளவு கலந்த இயற்கை எரிவாயுவாகும். மும்பைக்கு அப்பாலுள்ள பசேன் கடல்வயலிலிருந்து குஜராத்தின் ஹசீரா ஆலைக்கு வருவது இவ்வகையது. 'ஆசிட் கேஸ்' என்பதோ ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய இரண்டையும் தழுவும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் மிகுந்த எரிவாயு அமிலத்தன்மை உடையதேயன்றிப் புளிப்பானதன்று. 'அமிலம்' என்னும் சொல் புளிப்பைக் குறிக்கும் வடசொல்வழி வந்ததாதலின், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் வேரிலேயே அமைந்துள்ளது.

'புளிப்பு வாயு' என்னும் நேர்பெயர்ப்பு பாடநூலில் ஒருவேளை பொறுக்கத்தக்கது. ஆலையின் எச்சரிக்கைப் பலகையில் பொறுக்கத்தக்கதன்று. அதைப் படிக்கும் தொழிலாளிக்குப் பழைய மோர் நினைவுக்கு வருமேயன்றி உயிருக்கு ஆபத்து என்பது தோன்றாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமுடையது; பத்து லட்சத்தில் 100 பங்கு என்னும் அளவை எட்டும்போது நுகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். மூக்கு எச்சரிக்கத் தவறுமிடத்தில் சொல்தான் எச்சரிக்க வேண்டும். பலகையில் 'ஹைட்ரஜன் சல்பைடு: நச்சு வாயு' என்று உருவகமின்றி எழுதுவதே முறை. 'ஸ்வீட்டனிங்' என்பதைக் 'கந்தக நீக்கம்' எனப் பெயர்ப்பதும் நிறைவானதன்று. கார்பன் டை ஆக்சைடும் அதே செயல்முறையில் நீக்கப்படுவதால் 'அமில வாயு நீக்கம்' என்பதே பொருந்தும். (இவ்வாறு 'இனிப்பாக்கப்பட்ட' எரிவாயுவுக்குத்தான் கசிவை உணர்த்தும்பொருட்டு நகர வினியோகத்திற்கு முன் துர்நாற்றமுடைய மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.)

'வெட் கேஸ்' என்பதை 'ஈர வாயு' எனப் பெயர்ப்பவர் நீராவியை நினைக்கிறார். ஆனால் துறை வழக்கில் அது புரோப்பேன், பியூட்டேன் முதலிய கனமான ஹைட்ரோகார்பன்கள் மிகுந்ததையே பெரிதும் குறிக்கும். 'ட்ரை கேஸ்' என்பது அவை குறைந்தது. நீர் நீக்கப்பட்ட வாயுவையும் சில வேளைகளில் அச்சொல் சுட்டும். ஆங்கிலத்தில் இந்த இருபொருள் தவிர்க்க இயலாதது. தமிழிலோ தன்வினை, பிறவினை வேறுபாடு கைகொடுக்கிறது. 'உலர் வாயு' என்னும் வினைத்தொகையை முதற்பொருளுக்கு நிறுத்தி, கிளைக்கால் கொண்டு நீர் அகற்றப்பட்டதை 'உலர்த்திய வாயு' எனலாம். மருத்துவத்தில் 'நீரிழப்பு' எனப்படும் 'டீஹைட்ரேஷன்' இங்கு 'நீர்நீக்கம்' ஆவதும் இதே அடிப்படையில்தான். உடல் நீரை இழக்கிறது, ஆலை நீரை நீக்குகிறது. இலக்கணம் தரும் இவ்வசதியை மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தாதது வியப்புக்குரியது.

'ரிச் அமைன்' என்பதைச் 'செறிந்த அமைன்' எனப் பெயர்த்தால் பிழை கூடுதலாகும். வேதியியலில் செறிவு என்பது கரைசலின் அடர்த்தி அளவு. இங்குக் குறிக்கப்படுவதோ அமில வாயுக்களை உறிஞ்சி நிரம்பிய கரைசல். அவற்றை வெப்பத்தால் வெளியேற்றியபின் அது 'லீன் அமைன்' ஆகிறது. அமைனின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. 'நிறைந்த அமைன்', 'மீட்ட அமைன்' என்பன பொருளைக் காட்டுவன. 'ரிச் கேஸ்' என்பதற்கு இதே அடைமொழி செல்லாது. அது முன் சொன்ன ஈர வாயுவின் மறுபெயரே. குழாயைத் துடைத்துச் செல்லும் 'பிக்' என்னும் கருவியைப் பன்றியாக்காமல் 'குழாய்த் துடைப்பான்' என்றாலே போதும்.

சொல்வரிசையும் கவனத்திற்குரியது. 'திரவ இயற்கை எரிவாயு' என்பது மீத்தேனை முதன்மையாகக் கொண்டு, சுமார் −162 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டு, கன அளவில் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கியது. 2004இல் குஜராத்தின் தகேஜிலும் 2019இல் எண்ணூரிலும் செயற்படத் தொடங்கிய முனையங்களில் கப்பலிலிருந்து இறக்கப்படுவது. 'இயற்கை எரிவாயுத் திரவங்கள்' என்பன அவ்வாயுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் முதலியன. இரண்டு தொடர்களிலும் சொற்கள் ஏறக்குறைய அவையே. முதலாவதில் 'ஆக்கப்பட்ட' என்னும் எச்சம் விடுபட்டதே குழப்பத்துக்குக் காரணம். 'திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு' என எழுதினால் தொடர் நீளும். ஆனால் வாயு எது, அதிலிருந்து பிரிந்த திரவம் எது என்பதில் ஐயம் எழாது.